பூட்டிய வீடும் தேயும் அயலும்

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் வெளிவரும் 'வீடு விற்பனைக்கு' விளம்பரங்களைத் தொடர்ந்து வாசித்து வருபவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வீட்டைப் பற்றி அவற்றில் சொல்லப்படுவது மிகக் குறைவு. எத்தனை அறை, மாபிள் பதித்ததா, மேல்மாடி உண்டா என்பதோடு அது முடிந்துவிடும். மிகுதி இடம் முழுவதையும் வீட்டுக்கு வெளியே உள்ளவையே பிடித்துக் கொள்கின்றன. பல்கலைக்கழகத்துக்கு அண்மையில். சந்தைக்கு நடந்து போகும் தூரம். பிரதான வீதியிலிருந்து இரண்டாவது வளவு. வாகனம் போகக்கூடிய பாதை. நல்ல தண்ணீர். நான்கு பரப்புக் காணியோடு வீட்டை விற்பவர் உண்மையில் விற்க முற்படுவது, பெரும்பாலும் தாம் ஒரு சதமும் செலவிடாத ஊர் வசதிகளைத்தான். (வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காக: பரப்பு ஒன்று 10 பேர்ச். 16 பரப்புச் சேர்ந்தால் ஓர் ஏக்கர்.)

பல ஆண்டுகளாக விளம்பரப் பக்கங்களையும் செய்திப் பக்கங்களையும் அருகருகே பார்த்து வந்தவன் என்ற வகையில், இந்த இரண்டு பக்கங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்பது எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கையாகவே இருந்து வந்திருக்கிறது. விளம்பரப் பக்கம் 'நல்ல தண்ணீர்' என்கிறது. செய்திப் பக்கம் கிணறுகள் பழுதாகி வருவதைச் சொல்கிறது. விளம்பரம் 'அமைதியான சூழல்' என்கிறது. செய்தியோ பூட்டிக் கிடக்கும் வீடுகளில் நுளம்பு பெருகுவதைச் சொல்கிறது.

யாழ் நகருக்கு வடக்கே திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் என்று நீளும் அயலையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். இது பட்டினமும் அல்ல, முழுக் கிராமமும் அல்ல. பலாலி வீதியில் இறங்கி ஐந்து நிமிடம் உள்ளே நடந்தால் தோட்டத்துச் செம்மண் தெரியும். மறுபுறம் நடந்தால் பல்கலைக்கழகத்து மதில் வரும். ஒரு குடும்பம் வாழ்வதற்கு என்னவெல்லாம் வேண்டுமோ அவையெல்லாம் சைக்கிள் ஓடும் தூரத்துக்குள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. திருநெல்வேலிச் சந்தை, கோயில்கள், பாடசாலைகள், வாசிகசாலை, மருந்துக்கடை, கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் புகையிரத நிலையம். 1990 இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் 2015 தொடக்கத்தில் காங்கேசன்துறையையும் மீண்டும் எட்டியது. அதன்பின் இந்தப் பகுதிக் காணிக்கு ஏற்பட்ட மவுசு எல்லோரும் அறிந்ததே.

இவை எவையும் தாமாக முளைத்தவை அல்ல. இன்று காணி விலையைத் தூக்கி நிறுத்தும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கதையைப் பாருங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் தொடங்கிய பரமேசுவராக் கல்லூரியின் வளவில்தான் 1974 இல் வளாகம் வந்தது, 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அயலிலுள்ள பாடசாலைகள் பல ஊரவர் காணி கொடுத்து, பிடியரிசி சேர்த்து, திருவிழாவில் தண்டல் எடுத்துக் கட்டியவை. 1960 இன் இறுதியில் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது அவை அரச சொத்தாயின. ஆனால் அவற்றின் அத்திவாரத்துக்குக் கல் சுமந்தவர்கள் அந்த அந்த ஒழுங்கையில் இருந்தவர்களே. சுமைதாங்கியும் கேணியும் மடமும் போலவே, பள்ளிக்கூடத்தையும் ஊர்ப் பொதுவாகவே நினைத்த தலைமுறை அது.

எங்கள் பழைய காணி உறுதிகளை எடுத்து வாசித்தால் இதன் சாரம் இன்னும் தெளிவாகும். நான்கு எல்லையும் அயலவரின் பெயராலேயே சொல்லப்பட்டிருக்கும். கிழக்கு இன்னாரின் காணி, வடக்கு இன்னாரின் பிள்ளைகளின் காணி, தெற்கு ஒழுங்கை என்று வரும். அதற்குக் கீழே கிணற்றில் இவ்வளவு பங்கு, துலாவில் பங்கு, வழி வாய்க்கால் உரித்து என்று எழுதியிருக்கும். ஒரு வளவின் கிணறு நான்கு குடும்பத்துக்குப் பொது. மழைத் தண்ணீர் பக்கத்து வளவால் வந்து உங்கள் வளவால் போகும் உரித்தும் எழுத்தில் உண்டு. அடுத்த வளவுக்காரன் இல்லாமல் உங்கள் வளவு முழுமை பெறாது என்பதை நொத்தாரிசு தமிழ் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கிறது. அந்தக் கிணற்றுப் பங்கு கொலைகளும் வழக்குகளும்கூட எங்கள் நீதிமன்றப் பதிவேடுகளில் ஏராளம் என்பதையும் மறைப்பதற்கில்லை. பொதுக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் அள்ள விடப்படவில்லை என்பதும் அந்தப் பழைய அயலின் ஒரு பகுதிதான். ஏக்கத்தோடு மட்டும் பேசுபவர்கள் அதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இப்போது என்ன நடக்கிறது? கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நின்ற வேலிகள் போய், எட்டடி மதில்கள் வந்துவிட்டன. வேலிச் சண்டை தீர்ந்தது என்று மகிழ்ந்தோம். ஆனால் வேலியின் அடியால் வெள்ளம் போகும், கொங்கிறீற்று அத்திவாரத்தின் அடியால் போகாது. உறுதியில் 'வாய்க்கால் உரித்து' இன்னமும் இருக்கிறது. வாய்க்காலின் மேல் மதில் நிற்கிறது. 2008 நவம்பரில் நிஷா புயல் மழையின்போது குடாநாடு எப்படி வெள்ளத்தில் மிதந்தது என்பதை அங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின்னர் எழுந்த மதில்களே அதிகம். கார்த்திகை மழை பிடித்தால் ஒழுங்கையே வாய்க்காலாகிறது. முன்னுக்கு மண் நிரவி வீட்டை உயர்த்தியவர் தப்பிக்கொள்கிறார், பின் வளவில் பழைய வீட்டில் இருக்கும் கிழவி வீட்டுக்குள் தண்ணீர் போகிறது.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விளம்பரத்தில் 'நல்ல தண்ணீர்' என்பது ஏனைய எல்லாவற்றிலும் விலை கூடிய சொல். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மழைக்காலத்து ஆறே. மழை நீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி, உவர் நீரின் மேல் ஒரு வில்லையாக நிற்கிறது. அதைத்தான் எல்லோரும் அள்ளுகிறோம். துலாவால் அள்ளிய காலத்தில் கையின் அலுப்பே ஒரு கட்டுப்பாடாக இருந்தது. மோட்டருக்கு அலுப்பில்லை. கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாழைப் பாத்திக்கும் கமுகுக்கும் போனதும் அந்தக் காலத்தோடு போய்விட்டது.

அதைவிடப் பெரிய தொல்லை மலசலகூடக் குழிகள். முன்னர் எட்டு, பத்துப் பரப்பில் ஒரு வீடு இருந்தது. கோடியின் ஒரு மூலையில் குழி, எதிர் மூலையில் கிணறு. இன்று அதே காணி மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் மாடி வீடு, ஒவ்வொன்றிலும் மாணவர்களுக்கு வாடகைக்கு விட்ட அறைகள், ஒவ்வொன்றிலும் தனிக் குழி. உங்கள் குழிக்கும் உங்கள் கிணற்றுக்கும் இடையில் தூரம் விட்டிருக்கலாம். உங்கள் குழிக்கும் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் இடையில் மதில் ஒன்றுதான் இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்பு மதிலைப் பார்த்து நிற்பதில்லை. தோட்ட உரமும் குழிக் கழிவும் சேர்ந்து நிலத்தடி நீரில் நைத்திரேற்றைக் கூட்டுவது பற்றி ஆய்வாளர்கள் 1980களிலிருந்தே எச்சரித்து வந்திருக்கிறார்கள். சுன்னாகத்தில் மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்த விவகாரத்தில், உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. அங்கே குற்றவாளியைச் சுட்டிக்காட்ட முடிந்தது. இங்கே ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் பங்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதால் வழக்கும் இல்லை, செய்தியும் இல்லை.

2024 ஆகஸ்ட்டில் தாளையடியில் கடல் நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீட்டர் நீர் தரக்கூடியது என்றார்கள். வரவேற்க வேண்டியதே. ஆனால் குழாய் வந்துவிட்டது என்று கிணற்றைக் குப்பைக் கிடங்காக்கும் மனநிலை ஒன்று தலைகாட்டுவதை நான் அச்சத்தோடு பார்க்கிறேன். காசு கொடுத்துக் கடலைக் காய்ச்சிக் குடிக்கும் நிலையை, காலடியில் இருந்த தண்ணீரைப் பழுதாக்கிச் சம்பாதித்தவர்கள் நாங்கள்.

இனி, பூட்டிய வீடுகள். வெளிநாட்டு வாசகர்களுக்குக் கசப்பாகவும் இருக்கலாம், எனினும் சொல்லியே ஆகவேண்டும். இந்த அயலில் எந்த ஒழுங்கைக்குள் இறங்கினாலும் துருப்பிடித்த பூட்டோடு நிற்கும் படலைகளைக் காணலாம். சில, 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே வெளியேறியபோது பூட்டப்பட்டு, மீண்டும் திறக்கப்படாத பழைய வீடுகள். சில, 2009 க்குப் பின் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் வந்த காசில் கட்டப்பட்டு, ஆண்டுக்கு ஒருமுறை நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இரண்டு கிழமை மட்டும் விளக்கெரியும் புதிய மாளிகைகள். முந்தியதன் துயரம் வேறு, பிந்தியதன் கதை வேறு. ஆனால் ஒழுங்கைக்கு இரண்டும் ஒன்றுதான். இரவில் வெளிச்சமில்லை, கூப்பிட்டால் குரலில்லை.

வீடு பூட்டியிருப்பதால் ஊருக்கு என்ன நட்டம் என்று சிலர் கேட்கிறார்கள். பிள்ளைகள் இல்லாத ஒழுங்கைக்குப் பாடசாலை சுருங்கும். சந்தையில் வாங்குபவர் குறைவர். சனசமூக நிலையத்துக்குத் தலைவர், செயலாளர் என்று நிற்க ஆள் இருக்காது. தேர் இழுக்க வெளியூரிலிருந்து ஆள் பிடிக்க வேண்டி வரும். நாள்பட்ட கிணறும் மேல் தொட்டியும் இளநீர்க் கோம்பையும் நுளம்புக்கு வீடாகும். வடகீழ்ப் பருவ மழையோடு ஆண்டுதோறும் குடாநாட்டில் டெங்கு தலைதூக்கும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் முதலில் மோதிக்கொள்வது பூட்டிய படலைகளோடுதான். உள்ளே போக வழியில்லை, யாருக்குக் கடிதம் போடுவதென்றும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட மக்கள் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் தகரக் கொட்டில்களில் கால் நூற்றாண்டு காலம் இருந்தார்கள். அவர்களில் பலருக்குச் சில மைல் தூரத்தில், பூட்டிய கல்வீடுகள் வரிசையாக நின்றன. இதை எழுதும்போது எவர் மீதும் பழி போடும் எண்ணம் எனக்கில்லை. போரும் பயமும் பிரிவும் ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொரு விதமாகப் பூட்டின. ஆனால் அந்தக் காட்சி எங்கள் சமூகத்தைப் பற்றிச் சொன்னதை நாங்கள் போதிய அளவு பேசவில்லை.

ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், நான் பெற்ற விடைகளில் மூன்று அடிக்கடி வருபவை. வாடகைக்கு விட்டால் எழும்ப மாட்டார்கள் என்பது முதலாவது. 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்பாளருக்குக் கொடுத்த பாதுகாப்பிலிருந்து பிறந்த பயம் இது. தலைமுறை தாண்டியும் போகவில்லை. 'பத்து வருடம் இருந்தால் காணி அவனுக்கு' என்பது இரண்டாவது. இது பாதி உண்மை. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் பேசுவது, உரிமையாளரை மறுத்துப் பத்தாண்டு காலம் இடையூறின்றி ஆட்சி செய்பவரைப் பற்றி. வாடகை கொடுத்து, அனுமதியோடு இருப்பவரின் இருப்பு உரிமையாளரின் இருப்பாகவே கொள்ளப்படும். ஆகவே எழுத்து ஒப்பந்தத்தோடு ஒருவரை இருத்திய வீட்டைவிட, பூட்டி மறந்துபோன வீட்டுக்கும் அதன் கோடிக் காணிக்குமே ஆபத்து அதிகம். 2016 ஆம் ஆண்டின் விசேட ஏற்பாடுகள் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து விலக்கிச் சலுகை தந்தது. அதன் பின்னர் கழிந்த ஆண்டுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. எண்ணிப் பாருங்கள், பத்தாண்டு எப்போதோ கடந்துவிட்டது.

மூன்றாவது விடை, சகோதரங்களுக்குள் இன்னும் தீரவில்லை என்பது. இதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். ஒல்லாந்தர் காலத்தில், 1707 அளவில் தொகுக்கப்பட்ட தேசவழமை, வீட்டைப் பெரும்பாலும் பெண் பிள்ளையின் சீதனமாக்கியது. ஊரில் இருந்து ஆளப் போகிற மகளை மனதில் வைத்த ஏற்பாடு அது. மகள் ஸ்கார்பரோவில் இருப்பாள் என்று அந்தக் காலத்து முதலியார்கள் நினைத்திருக்க முடியாது. மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்ற 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்து விதி வேறு. சீதனம் எழுதாமல் தாய் தகப்பன் கண்மூடியிருந்தால், ஐந்து நாட்டில் ஐந்து பங்காளர். ஒருவர் விற்கச் சொல்வார், ஒருவர் அம்மாவின் நினைவு என்பார், ஒருவர் தொலைபேசியே எடுக்க மாட்டார். இதற்கிடையில் கூரை இறங்கிவிடும்.

அடுத்த தலைமுறையில் இது இன்னும் சிக்கலாகும். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுப் பிரசைகள் இங்கே காணி வாங்குவதைத் தடுக்கிறது. முதுசமாக வருவதற்கும் இரட்டைப் பிரசாவுரிமை பெற்றவர்க்கும் விலக்கு உண்டு. கனடாவில் பிறந்த மூன்று பேரப்பிள்ளைகள் ஒரு வீட்டுக்குப் பங்காளராகி, அவர்களில் ஒருத்தி மற்ற இருவரின் பங்கையும் விலைக்கு வாங்கி வீட்டைக் காப்பாற்ற விரும்பினால் என்ன செய்வது என்பதை இப்போதே ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு வையுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத அந்தப் பிள்ளைகள் 'துலாவில் பங்கு' என்பதை யாரிடம் கேட்டு விளங்கிக்கொள்வார்கள்?

உள்ளூராட்சி சபைகளையும் விட்டுவிட முடியாது. 2023 மார்ச்சில் கலைந்த சபைகளுக்கு 2025 மே மாதத்தில்தான் தேர்தல் நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உறுப்பினர் எவரும் இல்லாமல் அதிகாரிகளே நடத்தினார்கள். இப்போது தெரிவானவர்கள் வீதிக்குப் பெயர்ப்பலகை நடுவதில் காட்டும் ஆர்வத்தை வாய்க்கால் உரித்தில் காட்ட வேண்டும். மதில் கட்ட அனுமதி கேட்டு வரும்போது உறுதியை வாங்கி வாசித்தாலே போதும், பாதி வெள்ளம் வடிந்துவிடும். பூட்டிய வீடுகளுக்கு ஒரு பதிவேடு வேண்டும். உரிமையாளர் எந்த நாட்டில், உள்ளூரில் பொறுப்பாளர் யார், தொடர்பு இலக்கம் என்ன என்ற மூன்று விபரங்களைச் சோலை வரிச் சிட்டையோடு சேர்த்துக் கேட்டால் யார் மறுக்கப் போகிறார்கள்? ஆளில்லாத வீட்டுக்குக் கூடிய வரி அறவிடலாம் என்று சிலர் சொல்வதை நான் முதலில் கடுமையானது என்று நினைத்ததுண்டு. இன்று, அந்தக் காசு அதே ஒழுங்கையின் வடிகாலுக்கும் விளக்குக்கும் போகும் என்று சபை எழுதித் தருமானால், ஆதரிப்பேன்.

வாசிகசாலையைப் பற்றி ஒரு வார்த்தை. என் தொழிலோடு தொடர்பான ஆசை என்று கொண்டாலும் குறையில்லை. சாய்ந்த மேசையில் வீரகேசரியும் தினகரனும் ஈழநாடும் விரித்திருக்க, நின்றபடியே வாசித்து, அரசியலை அலசிவிட்டுத் தோட்டத்துக்குப் போன தலைமுறை மறைந்துவிட்டது. கைத்தொலைபேசியில் செய்தி வாசிக்கும் பிள்ளையை அங்கே இழுத்து வந்து நிறுத்த முடியாது, நிறுத்தவும் தேவையில்லை. ஆனால் அந்தக் கட்டடம் இன்னும் ஒழுங்கையின் நடுவில், எல்லோருக்கும் பொதுவாக, எவரின் அனுமதியும் கேளாமல் நுழையக்கூடிய ஒரே கூரையாக நிற்கிறது. முன்பள்ளி நடக்கும் நிலையங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இரவில் வெளிச்சமும் மேசையும் கொடுக்கும் நிலையங்களும் உயிரோடு இருக்கின்றன. கோயில் கோபுரத்துக்கு வரும் வெளிநாட்டுக் காசில் நூறில் ஒரு பங்கு இந்த மேசைக்கு வந்தால் எவ்வளவோ செய்யலாம். கோபுரத்தில் உபயகாரர் பெயர் தெரியும், மேசையில் தெரியாது என்பதுதான் சிக்கல் என்றால், மேசையிலும் பெயர் எழுதிவிடலாம்.

பல்கலைக்கழகத்துக்கு மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் தெற்கிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பதவி மாற்றத்தில் வரும் இளம் ஆசிரியர், தாதியர் குடும்பங்கள் வாடகை வீடு தேடி அலைகின்றன. உங்கள் வீட்டில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால் முற்றம் கூட்டப்படும், கிணறு இறைக்கப்படும், மாலையில் விளக்கெரியும். ஒப்பந்தத்தைச் சட்டத்தரணி மூலம் எழுதுங்கள். அற்றோணித் தத்துவத்தை உறவு என்பதற்காக அன்றி, நம்பிக்கை என்பதற்காக ஒருவருக்குக் கொடுங்கள், எந்த அதிகாரத்தைக் கொடுக்கிறீர்கள் என்பதை வரி வரியாக வாசித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள். விற்பதென்றால் ஊரில் இருக்கப் போகிறவருக்கு விற்க முயலுங்கள், விலை கொஞ்சம் குறைந்தாலும்.

இவற்றில் ஒன்றுமே இப்போதைக்கு முடியாது என்பவர்கள், ஐப்பசி பிறக்குமுன் மேல் தொட்டியை வெறுமையாக்கி மூடி, கிணற்றுக்கு வலை போட்டு, மதிலின் அடியில் தண்ணீர் போக ஒரு வழி வெட்டிவிட ஓர் ஆளை ஒழுங்கு செய்யுங்கள். படலைத் திறப்பு ஒன்றை அடுத்த வீட்டில் கொடுத்து வையுங்கள்.